எதை விட்டுவிட்டு வாசித்தாய்?

தியானத்திற்கு: நெகேமியா 8:1–12, எரேமியா 26:1–6



2025 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, எல்லோரும் வாசலில் கைகுலுக்கிக் கலைந்துகொண்டிருந்த நேரம். அசோக் நகர்ப் புதூர்ப் பக்கத்திலிருந்து வருகிற நம் சபையின் மூத்த தாய் ஒருவர், கூட்டம் குறையட்டும் என்று தூண் ஓரத்தில் காத்திருந்தார். மகளை இழந்தவர், மகளின் ஒரே பெண்குழந்தையை வளர்த்துவருகிறவர். அந்தக் குழந்தை அருகிலுள்ள சிறிய கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அரசு உதவிபெறும் பள்ளி அது. ஐந்து வகுப்புகள், ஒரு வேப்பமரம், கெபியில் ஒரு மாதா சுரூபம், அவ்வளவுதான் பள்ளி.

முந்தானையில் முடிந்திருந்த கைப்பேசியை எடுத்து அந்தத் தாய் என்னிடம் நீட்டினார். “ஸ்கூல்லேர்ந்து ஏதோ வந்திருக்குங்க ஐயா. போன வாரமே வந்துது. பக்கத்து வூட்டுப் புள்ள ஊருக்குப் போயிட்டான், படிச்சுச் சொல்ல ஆளில்ல” என்றார்.

வாட்ஸ்அப்பில் வந்த சுற்றறிக்கை. இப்படிப்பட்ட அறிக்கைகளை உங்களில் பலர் வாரந்தோறும் பெறுகிறீர்கள். விரலால் தள்ளிவிட்டுப் போகிறீர்கள். நானும் அவ்விதமே கண்ணை மேலிருந்து கீழே ஓடவிட்டேன். அடையாள அட்டையை மறவாமல் அணிவித்து அனுப்பவும். திங்கட்கிழமைதோறும் நகம் பார்க்கப்படும். முதல் பருவத் தேர்வுக்குரிய பாடங்கள் நாட்குறிப்பில் ஒட்டப்பட்டுள்ளன. செப்டம்பர் 8 அன்னையின் பிறப்புவிழா. அன்று பள்ளியில் சிறப்புச் செபம். ஐந்து வயது நிறைந்த பிள்ளைகளின் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்கவும். மழைக்காலம் நெருங்குகிறது, விடுமுறை குறித்து மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பை மட்டுமே நம்பவும்.

என் வாய் சொன்னது இது: “பெரிதாக ஒன்றும் இல்லை அம்மா. நகம் வெட்டவேண்டும், அட்டை போடவேண்டும். வழக்கமான செய்திகள்தாம்.”

அவர் கைப்பேசியை வாங்கிக்கொள்ளவில்லை. “அவ்ளோ நீளமா இருக்குதே ஐயா. மொத்தத்தையும் படிச்சுடுங்களேன்” என்றார்.

முழுவதையும் வாசித்தேன். ஏழாவதாக இருந்தது இந்தச் செய்தி: செவ்வாய்க்கிழமை முதல் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை உணவு வழங்கப்படும், பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் காலை 8 மணிக்கே பள்ளிக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

அந்தத் தாயின் முகம் மாறியது. “பொங்கல் போட்டாங்கன்னு புள்ள சொன்னா. நான் ஏதோ கோயில் திருநாளாட்டம்னு நெனச்சிட்டேன்” என்றார். செவ்வாய், வியாழன், வெள்ளி. நடுவில் புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி விடுமுறை. ஆக மூன்று நாள் காலை, அந்தக் குழந்தை ஒரு பன்னும் தேநீருமாக ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போயிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் சாப்பிட்டுக் கைகழுவி முடித்திருப்பார்கள்.

பிரியமானவர்களே, ஏழாவது வரியை நான் ஏன் வாசிக்கவில்லை? என் வீட்டில் யாருக்கும் அது தேவையில்லை, காரணம் இவ்வளவுதான்.

அந்த வரிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1920-இலேயே சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கத் தீர்மானித்தது. நாம் துணி வாங்கப் போகிற தியாகராய நகர் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 1956-இல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிற்று. முதலில் அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் உரியதாயிருந்தது. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று, ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் அது தொடங்கப்பட்டது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு அது வந்த நாள் 2025 ஆகஸ்ட் 26. தொடங்கிய இடம் நமக்கு மிக அருகே, மயிலாப்பூரின் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. அன்றைய விரிவாக்கத்தில் 2,429 பள்ளிகளும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளும் சேர்ந்தார்கள். நூறாண்டுக்கு மேலாக நடந்து வந்த ஓர் உணவுத்தட்டு, புதூரில் ஒரு குழந்தையின் வாசல்வரை வந்துவிட்டது. கடைசி ஓரடி தூரத்தில், வாசித்துச் சொல்ல ஆளில்லாமல் அது நின்றுகொண்டிருந்தது.

அன்று மாலை என்னால் அமைதியாக இருக்கக் கூடவில்லை. “மொத்தத்தையும் படிச்சுடுங்களேன்” என்ற அந்தச் சொல் என்னை நாற்பத்தாறு ஆண்டுகள் பின்னுக்கு இழுத்துச் சென்றது. இதுவரை பிரசங்க பீடத்தில் நான் சொல்லாத ஒன்றை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

1979-ஆம் ஆண்டு. இந்நகரின் தென்பகுதியில் ஒரு சிறிய கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். நாங்கள் சீர்திருத்தச் சபையார். ஆயினும் வீட்டுக்கு அருகில் இருந்தது என்பதாலும், அருட்சகோதரிகள் பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பதாலும் என் தாயார் என்னை அங்கே சேர்த்திருந்தார். பள்ளியில் ‘செபம்’ என்பேன். வீட்டில் ‘ஜெபம்’ என்பேன். இரண்டையும் கேட்கிறவர் ஒருவரே என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு நான்கு வயதாயிருந்தபோது தகப்பனார் காலமானார். அம்மா மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி எங்களைக் காத்தார். அவருக்கு எழுத்து தெரியாது. பள்ளியின் அறிவிப்புகளைத் தலைமையாசிரியையான சிஸ்டர் கரும்பலகையில் எழுதுவார். நாங்கள் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வீட்டில் வாசித்துக் காட்டி, பெற்றோரின் கையெழுத்தோடு மறுநாள் கொண்டுபோக வேண்டும். அம்மா மண்ணெண்ணெய் விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, வேதபாடம் கேட்பதுபோலக் கேட்பார். பிறகு மைப்பெட்டியில் இடது கட்டைவிரலைப் பதித்து, நான் காட்டுகிற இடத்தில் வைப்பார். சாம்பலும் தேங்காய் நாரும் தேய்த்துத் தேய்த்து வெடித்த விரல் அது. ரேகைகளுக்குக் குறுக்கே வெடிப்புகளும் தாளில் பதியும்.

ஒருநாள் அறிவிப்பில் ஐந்து செய்திகள் இருந்தன. சாப்பாட்டுத் தட்டில் பெயர் பொறித்துக்கொண்டு வரவேண்டும். சனிக்கிழமை அரைநாள் பள்ளி. நகம், தலைமுடி பார்க்கப்படும். இலந்தைப் பழம் வாங்கித் தின்னக் கூடாது. ஐந்தாவது: வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம், தாயோ தகப்பனோ தவறாமல் வரவேண்டும்.

முதல் நான்கை வாசித்தேன். ஐந்தாவதை வாசிக்கவில்லை.

என் வகுப்பில் படித்த ஒரு பையனின் வீட்டில்தான் அம்மா பாத்திரம் துலக்கினார். அந்தப் பையனின் தாயாரும் கூட்டத்துக்கு வருவார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடும். அல்லது உட்காராமல் என் அம்மா சுவரோரம் நின்றுவிடக்கூடும். இரண்டில் எதை நினைத்தாலும் எனக்கு உடல் கூசிற்று. அம்மா வழக்கம்போல் கண்ணைத் திறந்து, “அவ்ளோதானாடா?” என்று கேட்டார். “அவ்ளோதாம்மா” என்றேன். அவர் விரலை மையில் தோய்த்துப் பதித்தார். தாம் கேட்டிராத ஒரு செய்தியையும் கேட்டுவிட்டதாக அந்த ரேகை சாட்சி சொன்னது. வாசிக்கத் தெரியாதவள் வாசிக்கத் தெரிந்தவனை நம்பி இட்ட கையொப்பம் அது.

கூட்டத்துக்கு மறுநாள் சிஸ்டர் கேட்டார்: “அம்மா ஏன் வரவில்லை?” காய்ச்சல் என்றேன். ஒரு பொய் தனியே நிற்காது. துணைக்கு ஒன்றைத் தேடும். சிஸ்டர் உடனே வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்கச் செய்து என் அம்மாவின் சுகத்துக்காகச் செபிக்க வைத்தார். நாற்பது பிள்ளைகள் கைகுவித்து, நோயில்லாத என் தாய்க்காக அருள் நிறைந்த மந்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த ஒரு நிமிடத்தைப் போல நீண்ட ஜெபத்தை நான் பிறகு எந்த முழு இரவு ஜெபத்திலும் கண்டதில்லை. “சுகமானதும் அம்மாவை ஒருமுறை என்னை வந்து பார்க்கச் சொல்” என்றார் சிஸ்டர். அதையும் நான் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகிறவர்களில் ஏழைக் குடும்பங்களுக்குப் புத்தகமும் சீருடையும் வாங்கித் தர, பங்குக் கோயிலின் அன்பர்கள் பட்டியல் எடுத்தார்கள். தாய் தகப்பன் வந்து பெயர் கொடுக்க வேண்டும். என் பெயர் அதில் இல்லை. 1980 ஜூன் மாதம் முதல் அம்மா நான்காவதாக ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் போவார். அந்த ஓராண்டு முழுவதும், பாயில் படுத்தபடியே, கதவு சாத்தப்படுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகளைச் செய்தி கொண்டுபோகிறவர்களாக நம்புவது சபையின் பழைய வழக்கம். 1542-இல் கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார், கையில் மணியோடு அந்நகரத் தெருக்களில் நடந்து பிள்ளைகளை அழைத்தவர். பிறகு முத்துக்குளித்துறையில், தமிழ் தமக்குச் சரியாக வராத நிலையில், மொழி தெரிந்தவர்களின் துணையோடு மந்திரங்களைத் தமிழாக்கி, மனனம் செய்து, முதலில் பிள்ளைகளுக்கே கற்பித்தார். கற்றதைத் தாய் தகப்பனுக்கும் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளை ஏவினதாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1545-இல் அவர் நம் மயிலாப்பூரிலும் சில மாதங்கள் தங்கி ஜெபித்தார். நம்முடைய சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் திண்ணையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். இந்த மண்ணில் நற்செய்தி பெரும்பாலும் ஒரு சிறுவனின் நாவில் ஏறித்தான் வீட்டுக்குள் வந்தது. அந்தச் சிறுவன் ஒரு வரியை விழுங்கிவிட்டால்? வீட்டார் அறிய வழியே இல்லை. தூதனுடைய ஊழியத்தின் மேன்மையும் ஆபத்தும் அதுதான்.

ஆண்டுகள் கடந்தன. இறையியல் கல்லூரிப் படிப்பை முடித்து, 1997-இல் அபிஷேக ஆராதனைக்கு முந்தின இரவு, இதைச் சொல்லாமல் பீடத்தில் ஏறக் கூடாது என்று என் மனசாட்சி என்னை நெருக்கிற்று. அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாவது வரி, காய்ச்சல், செபம், பட்டியல், நான்காவது வீடு. சொல்லி முடித்து, அழுகைக்காகவோ கோபத்துக்காகவோ காத்திருந்தேன்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னைக்கி வந்திருந்தா மட்டும் அந்த சிஸ்டருகிட்ட நான் என்னாத்தப் பேசியிருப்பேன், போடா” என்றார். அது உண்மையா, என்னை விடுவிப்பதற்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மன்னிப்பு என்பது இப்படித்தான் சில வேளைகளில் தன் முகத்தை மறைத்துக்கொண்டு வரும்.

எழுந்து விளக்கை அணைக்கப் போனேன். இருட்டில் அவர் குரல் வந்தது: “அது சரி. வேற எதையெல்லாம் வுட்டுட்டுப் படிச்சுக் காட்டின?”

அவர் 2011-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தக் கேள்வி நித்திரையடையவில்லை.

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்கள் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் கூடுகிறார்கள். ஆண்களும் பெண்களும், கேட்டு அறியத்தக்க யாவரும் அங்கே நிற்கிறார்கள். வேதபாரகனாகிய எஸ்றா மரத்தால் செய்த பீடத்தின்மேல் ஏறி, விடிந்த நேரம் துவக்கி நடுப்பகல்மட்டும் வாசிக்கிறான். லேவியர் ஜனங்களுக்கு நடுவே நின்று, வாசித்தது விளங்கும்படி அர்த்தம் சொல்லுகிறார்கள். அரைநாள் வாசிப்பு! ஒருவரும் சுருக்கச் சொல்லவில்லை. ஜனங்கள் கேட்டு அழுகிறார்கள். அப்பொழுது அவர்களுக்குக் கிடைத்த கட்டளை என்ன? அழவேண்டாம், போய்க் கொழுமையானதைப் புசியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்பதே. 12-ஆம் வசனம் ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுகிறது: தங்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகள் விளங்கினபடியால் அவர்கள் போய்ப் பங்குகளை அனுப்பினார்கள். வாசிப்பு முழுமையாயிருந்தது, விளக்கம் தெளிவாயிருந்தது, ஆகவே ஒன்றுமில்லாதவன் வீட்டுக்கு உணவு போயிற்று. இம்மூன்றும் ஒரே சங்கிலி. முதல் கண்ணி அறுந்தால் கடைசித் தட்டு காலியாயிருக்கும்.

எரேமியா 26-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஆலயப் பிராகாரத்தில் நிற்கிற தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் எச்சரிக்கை தருகிறார்: சொல்லும்படி கட்டளையிட்டவற்றில் ஒரு வார்த்தையையும் குறைக்காதே என்று. பொய்யான வார்த்தையைச் சேர்ப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. குறைப்பதைப் பற்றியே பேச்சு. பத்து அதிகாரங்கள் கழித்து யோயாக்கீம் ராஜா, புஸ்தகச் சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பு நெருப்பில் போடுகிறான். நாம் அவனைத் துன்மார்க்கன் என்கிறோம். ஆனால், அவன் அறுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். நான் அறுக்கிறதை யாரும் பார்ப்பதில்லை.

அறிக்கையிடுகிறேன். மல்கியா 3-ஆம் அதிகாரத்தில் தசமபாகத்தைப் பற்றிய 10-ஆம் வசனத்தை எத்தனை முறை உங்களுக்கு வாசித்திருக்கிறேன்! ஸ்தோத்திரப் பண்டிகைதோறும் வாசித்தேன். கட்டட நிதி திரட்டியபோது வாரந்தோறும் வாசித்தேன். அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தை வாசித்தேனா? அங்கே கர்த்தர் நியாயந்தீர்க்கக் கிட்டி வருகிறார். சூனியக்காரரோடும் விபசாரரோடும் ஒரே வரிசையில், கூலிக்காரனின் கூலியைப் பிடிக்கிறவர்களையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களையும் நிறுத்துகிறார். யாக்கோபு நிருபத்தை வரிசையாகப் போதித்த ஆண்டில், 5-ஆம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களை “நேரமின்மையால்” தாண்டி, நோயாளிக்கான ஜெபத்துக்குப் போய்விட்டேன். நேரம் இருந்தது. தைரியம்தான் இல்லை. வேலைக்கு ஆள் வைத்திருக்கிற பல குடும்பங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. அவர்கள் நல்லவர்கள், என்மேல் அன்புள்ளவர்கள், சபையைத் தாங்குகிறவர்கள். அவர்கள் முகம் கூசக் கூடாது என்று விட்டுவிட்டேன். பத்து வயதுச் சிறுவன் தன் முகம் கூசக் கூடாது என்று விட்டான். ஐம்பது வயதுப் போதகன் பிறர் முகம் கூசக் கூடாது என்று விட்டான். வேறுபாடு அதிகமில்லை. இரண்டு முறையும் நஷ்டம் பாத்திரம் துலக்குகிறவளுக்கே வந்தது. எபேசுவின் மூப்பரிடம், தேவ ஆலோசனையில் ஒன்றையும் மறைத்து வைக்கவில்லை என்று பவுல் சொன்னதாக அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதை என்னால் சொல்லக் கூடவில்லை. மன்னியுங்கள்.

அந்த மூத்த தாயின் காரியத்துக்குத் திரும்புகிறேன். காலை உணவுச் செய்தியைக் கேட்ட மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. “எட்டு மணிக்கு எப்படிங்க ஐயா கொண்டுபோய் விடுவேன்? ஆறரைக்கு வேலைக்குப் போனா ஒம்பதாவுமே” என்றார். அவர் வேலை செய்கிற இடம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. அது விசுவாசக் குடும்பம் என்றும் பேச்சுவாக்கில் அறிந்தேன். “நான் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?” என்று கேட்டேன். அவர் பயந்துபோனார். “வேணாங்க ஐயா. நல்ல அம்மா அவங்க. சொன்னா சங்கடப்படுவாங்க, அப்புறம் என் வேல போயிடும்.”

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அது யார் வீடு என்று ஒருவரும் யூகிக்க முயலவேண்டாம். நம் சபையில் இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றல்ல, பல. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது அந்தக் குழந்தை காலையில் சாப்பிடுகிறாள். பக்கத்துச் சந்தில் குடியிருக்கிற ஒரு கத்தோலிக்கச் சகோதரி தம் மகனோடு இவளையும் கைபிடித்து அழைத்துப் போகிறார். தாமாகவே முன்வந்தாராம். நாம் ஒரு சபையாக யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு கையை நீட்டிவிட்டார். தேவனுக்கு ஸ்தோத்திரம், நமக்கோ வெட்கம்.

ஆகவே, பள்ளிகள் குடும்பங்களுக்கு அனுப்புகிற முறையிலேயே, நானும் உங்களுக்குச் சில நினைவூட்டல்களை எழுதி முடிக்கிறேன். தயவுசெய்து கடைசி வரிமட்டும் வாசியுங்கள்.

ஒன்று: வருகிற ஞாயிறு முதல், ஆராதனைக்குப் பின் அரைமணி நேரம், சபை மண்டபத்து வாசலில் ஒரு மேசை போடப்படும். பள்ளிச் சுற்றறிக்கை, மருத்துவச் சீட்டு, வங்கிக் கடிதம், அரசு விண்ணப்பம் என எதைக் கொண்டுவந்தாலும் முழுவதும் வாசித்துச் சொல்ல இருவர் அங்கே இருப்பார்கள். நம் சபையார் மட்டும் அல்ல, யாரும் வரலாம். வாலிபர் சங்கத்தார் முறைவைத்து உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் நானும் உட்காருவேன். சுருக்கிச் சொல்ல அனுமதி இல்லை.

இரண்டு: உங்கள் வீட்டில் வேலை செய்கிறவருக்குத் தொடக்கப் பள்ளி வயதில் பிள்ளையோ பேரப்பிள்ளையோ உண்டா என்று இந்த வாரமே கேளுங்கள். உண்டென்றால், அந்தப் பிள்ளை காலை எட்டு மணிக்குப் பள்ளியில் இருக்க இயலுமா என்று கேளுங்கள். இயலாதென்றால், உங்கள் வீட்டுப் பாத்திரங்கள் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கும்; பாத்திரங்களுக்குப் பசி எடுக்காது. நேரத்தை மாற்றியதற்காகச் சம்பளத்தில் ஒன்றும் குறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், விட்டுவிட மனமில்லை.

மூன்று: பள்ளிப் பிள்ளைகளே, நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிற அறிவிப்பில் பெற்றோர் கூட்டம் என்று இருந்தால், அதை முதலாவதாக வாசியுங்கள். உங்கள் அம்மா எந்த வேலை செய்தாலும், எந்தச் சேலையில் வந்தாலும், அவர் வந்து உட்காருகிற பெஞ்சு கனம் பெறுகிறது. இதை அறிய எனக்கு மிகவும் தாமதமாயிற்று.

நான்கு: அடுத்த மூன்று ஞாயிறுகளில் மல்கியா 3:5, யாக்கோபு 5:1–6, உபாகமம் 24:14–15 ஆகிய பகுதிகளைப் பிரசங்கிப்பேன். முன்னதாக வாசித்துவிட்டு வாருங்கள். முன்வரிசையில் உட்காருகிறவர்கள் முன்வரிசையிலேயே உட்காருங்கள்.

ஐந்து: எனக்காக ஜெபியுங்கள்.

ஜெபிப்போம்: எங்கள் பரம பிதாவே, ஒன்றையும் மறைக்காமல் உம்முடைய இருதயத்தை எங்களுக்குத் திறந்தவரே, உம்முடைய வார்த்தையில் எங்களுக்குப் பிடித்ததை வாசித்துப் பிடிக்காததைத் தாண்டிப்போன எங்கள் பாவத்தை மன்னியும். வாசிக்கத் தெரியாதவர்கள் எங்களை நம்பிக் கண்மூடிக் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு எங்களை உண்மையுள்ளவர்களாக்கும். ஒன்றுமில்லாதவர்களுக்கு உரிய பங்கு எங்கள் கையில் தங்கிவிடாதபடி காத்தருளும். வேலைக்குப் புறப்படுகிற ஒவ்வொரு தாயையும், காலைத் தட்டின்முன் உட்காருகிற ஒவ்வொரு பிள்ளையையும், அவர்களுக்குப் பரிமாறுகிற கைகளையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.

உங்கள் ஊழியத்தில்,
உங்கள் போதகர்